சத்துவாச்சாரி குழந்தைகள் கிளினிக்: பேரனோடு போய் வந்த ஒன்பது மாதம்

எந்தக் குழந்தைகள் கிளினிக்குக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் ஃபிரிட்ஜைத்தான் தேடும். அணைக்கட்டு வட்டாரத்தில் 37 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து 2023-ல் ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஐஸ் பேக் உருகுவதற்குள் அடுத்த ஊர் போய்ச் சேர வேண்டுமே என்று ஓடிய ஓட்டம் உடம்பில் இன்னும் இருக்கிறது. ஊசி மருந்து 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூட்டில் கெடுவது எல்லோருக்கும் தெரியும். ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடும் பென்டா மாதிரி மருந்துகள் உறைந்தாலும் கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. வேலூர் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சத்துவாச்சாரியில் என் பேரனைக் காட்டும் இந்த கிளினிக்கில் ஃபிரிட்ஜ் தடுப்பூசிக்கு மட்டும்தான். கதவில் ஒரு தண்ணீர் பாட்டில்கூட இல்லை. உள்ளே தெர்மாமீட்டர். வெளியே ஒட்டிய தாளில் காலையும் மாலையும் டிகிரி எழுதி, பக்கத்தில் சுருக்கெழுத்து. இன்வெர்ட்டர் இணைப்பு தனி. யாரையும் கேட்காமல் நானே பார்த்துக்கொண்டேன். பாதி மனசு அப்போதே நிறைந்துவிட்டது.

கிளினிக் பெயரும் டாக்டர் பெயரும் எழுதவில்லை. எழுதப் போகிறேன் என்று சொன்னதும் டாக்டரம்மா, "பேர் மட்டும் வேண்டாம் சிஸ்டர்" என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பேச்சுக்கு மரியாதை கொடுக்க வேண்டும். மற்ற இடங்களைப் பற்றிச் சொல்வதிலும் பெயர் இருக்காது.

எங்கள் வீட்டுப் பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். புதிது புதிதாக ஊசி வருகிறது. ஒரு குழந்தை டாக்டர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்? வந்த அன்றே எழுதுகிறாரா, வேண்டாம் என்று கையை ஆட்டுகிறாரா, யோசித்துச் சொல்கிறாரா? இதை வைத்துத்தான் நான் டாக்டரைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று இடம் போன பிறகே இது அமைந்தது.

முதல் இடத்தில் 45-ஆம் நாள் ஊசிக்குப் போனோம். மேசை மேல் கலர் தாள் ஒன்று, ஒன்றரை வயது வரை என்னென்ன ஊசி, எவ்வளவு பணம் என்று அச்சடித்தது. "வலியில்லாத ஊசி" என்று என் மருமகளிடம் சொன்னார்கள். மருமகள், "எல்லாமே கட்டாயமா டாக்டர்?" என்று கேட்டாள். "எல்லாரும் போடறாங்கம்மா" என்று பதில் வந்தது, அவ்வளவுதான். கிருமியால் வரும் பேதியைத் தடுக்கும் ரோட்டா சொட்டும் நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி. ஊசியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம் என்று ஒரு வார்த்தை இல்லை. தமிழ்நாட்டில் ரோட்டா 2017-லிருந்தும் பி.சி.வி. 2021-லிருந்தும் அரசுப் பட்டியலில் இருக்கின்றன. தறி வேலைக்கும் தோல் ஷாப்புக்கும் போகிற பெற்றோர் இந்தத் தாளைப் பார்த்தால் என்ன செய்வார்கள்? பாதியைக் கடன் வாங்கிப் போடுவார்கள். மீதியைப் போடாமலே விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது இடம் எனக்கு மனசு வலித்த இடம். வயதான டாக்டர். என் மகனுக்குச் சின்ன வயதில் வைத்தியம் பார்த்தவர், கை ராசியானவர். காசு ஆசை கொஞ்சமும் கிடையாது. புது ஊசி பற்றிக் கேட்டதும், "கவர்மெண்ட் குடுக்காததை நான் எழுத மாட்டேன். அப்படி அவசியம்னா அவங்களே குடுத்திருப்பாங்க" என்று முடித்துவிட்டார். எனக்கு அவர் மேல் மதிப்பு குறையவில்லை. ஆனால் ரோட்டா சொட்டு அரசுப் பட்டியலுக்கு வருவதற்கு முன்னால், ஒடுகத்தூர் பக்கம் பேதியில் சுருண்டு போன பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாக ஊட்டினாலும் அத்தனையும் வாந்தியாக வரும். கண் குழி விழுந்து, உச்சிக்குழி உள்வாங்கிக் கிடக்கும். அரசு கொடுக்கும் வரை காத்திருக்கலாம் என்பது அந்தப் பிள்ளைகளின் விஷயத்தில் பொருந்தவில்லையே!

மூன்றாவதுதான் இந்த கிளினிக். டாக்டரம்மா முதலில் கேட்டது தடுப்பூசி அட்டையை. வாங்கிப் பார்த்துவிட்டு மருமகளைப் பார்த்துச் சொன்னார்: "பென்டா, போலியோ, ரோட்டா, பி.சி.வி. எல்லாமே புதன்கிழமை உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல இருக்கு. அங்கேயே போட்டுடுங்க. எனக்குப் பணம் கொடுத்துப் போட வேண்டியது இந்த மாசம் ஒண்ணுமில்ல."

மருமகளுக்கு நம்பிக்கை வரவில்லை. "அங்க போட்டா ராத்திரியெல்லாம் காய்ச்சல் வருமே டாக்டர், வலியில்லாத ஊசி வேணாமா?" என்றாள். டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். பென்டாவில் கக்குவான் இருமலுக்கான பகுதி இரண்டு விதமாக வருகிறது. அரசு ஊசியில் இருப்பது முழுக் கிருமியைக் கொன்று செய்தது, காய்ச்சலும் வீக்கமும் சற்று அதிகம். "வலியில்லாத" விலை கூடிய ஊசியில் கிருமியின் சில துண்டுகள் மட்டும் இருக்கும், காய்ச்சல் குறைவு. முழுக் கிருமி ஊசி தரும் காப்பு நீண்ட நாள் நிற்கிறது. "ஒரு ராத்திரி தூக்கம் கெடும். அதுக்கு ஈடா அந்தக் காப்பு கிடைக்குது. தாங்க முடியாதுன்னா சொல்லுங்க, இங்க போடறேன், தப்பில்ல." முடிவை மருமகளிடமே விட்டார். புதன்கிழமை நாங்கள் சுகாதார நிலையத்துக்குப் போனோம். ராத்திரி காய்ச்சல் வந்தது. எடைக்குத் தக்க பாராசிட்டமால் சொட்டு எவ்வளவு என்று டாக்டரம்மா முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார். விடியற்காலம் பிள்ளை பால் குடித்துத் தூங்கிவிட்டான்.

அன்றைக்கே நான் யார் என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து எனக்கு "சிஸ்டர்" பட்டம். கூட்டம் குறைந்த ஒரு மதியம் ரோட்டா பற்றிப் பேச்சு வந்தது. நான் எதிர்பார்க்காததைச் சொன்னார்.

"ஆரம்பத்துல நானும் எழுதல சிஸ்டர்."

தனியார் மருந்துக்கடையில் மட்டும் கிடைத்த காலத்தில் அவர் அதை யாருக்கும் சொல்லவில்லையாம். அமெரிக்காவில் முதலில் வந்த ரோட்டா சொட்டு மருந்தை 1999-ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் ஆபத்து, ஏறத்தாழ 10,000 குழந்தைக்கு ஒன்று என்ற அளவில். அது அவர் மனசில் இருந்தது. இன்னொன்று, வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் பார்த்த கணக்கு இங்கே பொருந்துமா என்ற சந்தேகம். அந்தச் சந்தேகம் வேலூர் டாக்டர்களுக்கு வருவது நியாயம். போலியோ சொட்டு மூன்று தவணை நம் பிள்ளைகளுக்குப் போதவில்லை என்று சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970-களிலேயே எடுத்துச் சொன்ன ஊர் இது. வாய்வழி மருந்து இங்கத்திக் குடலில் அவ்வளவு எளிதாகப் பிடிப்பதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கால் சூம்பிய பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களில் சிலர் சொட்டு மருந்து குடித்தவர்கள். "போட்டுமா இப்படி?" என்று அந்தத் தாய்மார் கேட்கும்போது எனக்குப் பதில் தெரியாது.

பிறகு டாக்டரம்மா மனம் மாறியது எப்படி? அதுவும் நம்மூர்க் கணக்கால்தான். சின்ன அல்லாபுரம், ராமநாயக்கன்பாளையம், கஸ்பா. மண்டித் தெருவிலிருந்து ஆட்டோவில் போனால் சில நிமிடம். அங்கே பிறந்த பிள்ளைகளை 2002-லிருந்து சி.எம்.சி. டாக்டர் ககன்தீப் காங்கின் குழு மூன்று வயது வரை வீட்டுக்கே போய்ப் பார்த்து வந்தது. பிறப்பில் சேர்த்தது 452 குழந்தைகள், மூன்று வருடமும் நின்றது 373. பேதி ஆகாத நாளிலும் மலம் வாங்கிச் சோதித்தார்கள். மெக்சிகோவில் முன்பு இதே மாதிரி பார்த்தபோது, ரோட்டா இரண்டு தடவை வந்து போன பிள்ளைக்கு அதன் பிறகு கடுமையாக வரவே இல்லை. நம் பிள்ளைகளுக்கு மூன்று தடவை வந்து போன பிறகும் காப்பு 79 சதவீதம்தான். அதற்கப்புறம் டெல்லி, புனே, வேலூர் மூன்று இடத்திலும் 6,799 குழந்தைகளை வைத்து ரோட்டாவாக் என்ற இந்திய ரோட்டா சொட்டு மருந்தைச் சோதித்தார்கள். கடுமையான ரோட்டா பேதியை முதல் வருடத்தில் 56 சதவீதம் தடுத்தது.

"56 தானா என்று மற்றவர்கள் கேட்டார்கள். நம்ம பிள்ளைகள்ல பார்த்த 56, எனக்கு அது போதும்" என்றார் டாக்டரம்மா. சொட்டு எழுத ஆரம்பித்த பிறகும் ஒவ்வொரு தாயிடமும் ஒன்று சொல்லி அனுப்புகிறார்: குழந்தை காலை மடக்கிக்கொண்டு விட்டு விட்டு வீறிட்டால், மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து வந்தால், ராத்திரி எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடு. என் மருமகளிடமும் சொன்னார். பயமுறுத்தாமல் எச்சரிக்கச் சிலருக்குத்தான் வரும்.

இந்தக் கணக்கையெல்லாம் நான் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அந்த மூன்று தெருப் பெண்களும் பிள்ளையின் மலத்தை டப்பாவில் எடுத்துக் கொடுத்துக் கொடுத்து உருவான கணக்கு அது. அதை ஒரு டாக்டர் தெரிந்து வைத்துக்கொண்டு பேசும்போது, சின்ன அல்லாபுரத்துத் தாய்க்கு மரியாதை செய்வது போல எனக்கு இருக்கிறது.

ஆறாம் மாதம் டைபாய்டு ஊசிப் பேச்சு வந்தது. இது அரசுப் பட்டியலில் இல்லாதது, காசு கொடுத்துத்தான் போட வேண்டும். இரண்டாவது டாக்டர் வேண்டாம் என்றது இதைத்தான். முதல் இடத்துத் தாளில் இது ஒரு வரி. இங்கே டாக்டரம்மா கேட்ட கேள்வி: "வீட்டுல தண்ணி எப்படி?"

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் நாள்விட்டு வருகிறது. குழாய் சாக்கடையை ஒட்டிப் போகிறது. முதல் ஐந்து நிமிடம் கலங்கல்தான். நாங்கள் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். ஆனாலும் ஆறு மாதப் பிள்ளை தவழ ஆரம்பித்தால் எதை வாயில் வைக்கும் என்று யாருக்குத் தெரியும்? இதையெல்லாம் கேட்டுக்கொண்டு, பழைய டைபாய்டு ஊசி இரண்டு வயதுக்கு மேல்தான் பிடிக்கும், இந்தப் புது வகை ஆறு மாதத்திலேயே பிடிக்கும் என்றார். டெல்லி, கொல்கத்தா, புனே, வேலூர் நான்கிலும் 24,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்ததைச் சொன்னார். நகர்ப்புறத்தில் வருடத்துக்கு லட்சம் பிள்ளையில் 576-லிருந்து 1,173 வரை டைபாய்டு. புனே பக்கத்துக் கிராமத்தில் 35. "நீங்க இருக்கறது கிராமமா டவுனா, அதான் கேள்வி. உங்க தெருவுக்கு நான் போடச் சொல்லுவேன்."

எவ்வளவு காலம் காக்கும் என்று நான் கேட்டேன். "நாலு வருஷத்துக்கு மேல நல்லா நிக்குதுன்னு மலாவி நாட்டுல பார்த்திருக்காங்க. அதுக்கு மேல எனக்குத் தெரியாது சிஸ்டர்." தெரியாது என்று ஒரு டாக்டர் வாய்விட்டுச் சொல்வதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலையில் இருந்த 37 வருடத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அதைக் கேட்டிருக்கிறேன்.

ஊசி போட்டோம். 1,900 சொச்சம் ஆனது, அட்டைப் பெட்டியில் அச்சடித்திருந்த விலைக்குக் கீழேதான். பெட்டியை எங்கள் முன்னால் பிரித்து, காலாவதித் தேதியை மருமகளையே படிக்கச் சொல்லி, பேட்ச் நம்பரை அட்டையில் ஒட்டிவிட்டுத்தான் போட்டார்கள். பிறகு அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். கிளம்பலாமா என்று என் மகன் இரண்டு தடவை எழுந்தான். ரிசப்ஷன் பெண் இரண்டு தடவையும், "இன்னும் பத்து நிமிஷம் உக்காருங்கண்ணா" என்று உட்கார வைத்தாள். அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டு.

குறைகளும் சொல்ல வேண்டும். கிளினிக் முதல் மாடியில் இருக்கிறது, லிப்ட் கிடையாது. சிசேரியன் ஆன பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுவது கஷ்டம், என் முட்டிக்கும் கஷ்டம். காலை 8 மணிக்கு போனில் டோக்கன் என்கிறார்கள். அந்த நம்பர் எப்போதும் பிஸி. நேரில் போய் ஏழரைக்கே பெயர் எழுதினால்தான் உண்டு. சாயந்திரம் 7 மணி டோக்கன் என்றால் எட்டரை ஆகும். ஒவ்வொருவரையும் உட்கார வைத்துப் பேசுவதால் வரும் தாமதம் அது, தெரிகிறது. ஆனாலும் காய்ச்சல் பிள்ளையும் ஊசிக்கு வந்த நல்ல பிள்ளையும் ஒரே பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்காருவது சரியில்லை. தடுப்பூசிக்குத் தனி நேரம் வைக்கச் சொல்லி நேரிலேயே கேட்டுவிட்டேன். யோசிக்கிறேன் என்றார். தாய்ப்பால் கொடுக்க ஒரு திரை மட்டும் உண்டு, மின்விசிறி இல்லை. சர்வீஸ் ரோட்டில் வண்டி நிறுத்த இடம் தேட வேண்டும். ஆலோசனைக் கட்டணம் 300. ஊசிக்கு மட்டும் வந்தால் அது கிடையாது.

ஒரு குழந்தை டாக்டர் புது ஊசி பற்றிச் சொல்லும் வார்த்தைக்கு நான் இவ்வளவு எடை கொடுக்கக் காரணம் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்ந்த எம்.ஆர். ஊசி தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் போட்டோம். 9 மாதத்திலிருந்து 15 வயது வரை எல்லோருக்கும், முன்பு போட்டிருந்தாலும் சேர்த்து. அந்த நேரம் வாட்ஸ்அப்பில் ஒரு பீதி கிளம்பியது, ஊசி போட்டால் பிள்ளை பிற்காலத்தில் மலடாகிவிடும், மயங்கி விழும் என்று என்னென்னவோ. என் பகுதியில் ஒரு பள்ளிக்குப் போனால் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. வீடு வீடாகப் போனேன். ஒரு அம்மா கதவைத் திறக்காமலே, "குழந்தை டாக்டரே வேணாம்னு சொல்லிட்டாரு, நீ இன்னா எங்களுக்குச் சொல்ல வந்துக்கினு கீற?" என்று கேட்டாள்.

விசாரித்தால், டவுனில் ஒரு டாக்டர் ஒரே ஒரு தாயிடம், "உன் பிள்ளைக்கு நான் ஏற்கெனவே எம்.எம்.ஆர். போட்டாச்சு, இது வேண்டியதில்ல" என்று சொல்லியிருக்கிறார். எம்.எம்.ஆர். என்பது எம்.ஆரோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்ந்த ஊசி. அந்தப் பிள்ளையை மட்டும் மனசில் வைத்துச் சொன்ன வார்த்தை. கெட்ட எண்ணம் இல்லை. காலையில் சொன்னது சாயந்திரத்துக்குள் ஐந்து ஊர் தாண்டிவிட்டது. அவரிடம் வாழ்நாளில் ஒரு தடவைகூடப் போகாத, போகக் காசில்லாத வீடுகள்கூட அவர் பேரைச் சொல்லிக் கதவைச் சாத்தின. நான் அடுத்த நாள் டவுனுக்குப் போய் அந்த டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தேன். பார்க்க நேரம் கிடைக்கவில்லை. இன்று நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

இந்தக் கதையை டாக்டரம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நானும் அந்த வருஷம் ரெண்டு மூணு பேருக்கு அப்படிச் சொல்லியிருப்பேன் சிஸ்டர். அது எங்க போய்ச் சேரும்னு யோசிக்கல" என்றார். இப்போதெல்லாம் ஒரு பிள்ளைக்கு ஒரு ஊசி வேண்டாம் என்றால், ஏன் அந்தப் பிள்ளைக்கு மட்டும் வேண்டாம் என்பதை அட்டையிலேயே எழுதிக் கொடுக்கிறாராம். எதிர்வீட்டுப் பெண் தன் மகளுடைய அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். உண்மைதான், தேதி போட்டு இரண்டு வரி இருந்தது. அந்தப் பெண் பேரணாம்பட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். ஊசி என்றாலே ஓடுவாள். இப்போது என்னிடம் அட்டையைக் கொடுத்து, "அடுத்தது எப்போ அத்தை?" என்று கேட்கிறாள்.

பேரனுக்கு ஒன்பதாம் மாதம் முடிகிறது. பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துக் காக்கும் எம்.எம்.ஆர். போடலாமா என்று மருமகள் கேட்டதற்கு, அரசு எம்.ஆர். ஊசியை இப்போது போட்டுவிடுங்கள், பதினைந்தாம் மாதம் எம்.எம்.ஆர். பற்றி இங்கே பேசலாம் என்றார் டாக்டரம்மா. பி.சி.வி. கடைசித் தவணையும் அதே நாளில் வருகிறது. இந்தப் புதன்கிழமை காலை சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். அட்டையில் தேதியை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்.